பூஜைக்கு வைத்த லேசர்

விஜயதசமி காலை, எட்டு மணி. பல்கலைக்கழக ஆய்வகத்தில் லேசரை மூடியிருந்த பட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்த டாக்டர் திவ்யலட்சுமி போட்ட கூச்சலில் சாலைக் கடைத்தெருவில் தராசுகள் எல்லாம் எடையைக் கூடுதலாகக் காட்டின. வியாபாரிகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

லேசருக்கு அடியில் அவளுடைய உலோகத் தகடு ஓட்டையாகிக் கிடந்தது. லேசரின் மிகக் குறுகிய துடிப்பு பட்டால் உலோகம் உருகாமலே ஆவியாகும் என்பதற்கு அதிலிருந்த நுண்குழிகள்தான் சாட்சி. அத்தனை குழிகளையும் விழுங்கியிருந்தது, விளிம்பு உருகி வழிந்த அந்த ஓட்டை. நாளை மறுநாள் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தேர்வாளர்கள் வருகிறார்கள்.

"உருகாமல் எதுவும் ஆவியாகாது" என்று ஆயுள் முழுக்கப் பாடம் நடத்திய துறைத்தலைவர் சுந்தரராமன் போலீசைக் கூப்பிட்டார்.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் லீலாபாய் வந்தாள்.

"செருப்பைக் கழட்டுங்கோ," என்றார் சுந்தரராமன். "பூஜை இன்னும் எடுக்கலை, எடுக்கற வரைக்கும் கருவியைத் தொடப்படாது. அஷ்டமி சாயங்காலம் என் கையால வச்சதாக்கும். சந்தனத்தைத் தொட்டுடாதேங்கோ!"

லேசருக்கும் நெற்றி உண்டு. சாவித் துவாரம் அங்கேதான். அதன்மேல் சந்தனத்தைப் பெருவிரலால் அப்பி, துளசியும் ஒட்டியிருந்தார். காய்ந்து ஓடாகியிருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

"வச்சப்ப தகடு எப்படி இருந்துச்சு?" என்றாள் லீலாபாய்.

"கண்ணாடி மாதிரி இருந்தது. பாத்துட்டுத்தானே துணியை மூடினேன். நவமியன்னிக்கு இந்த ஆர்ஷா உள்ளே வந்தா. கேமராவில இருக்கு. லேசரைப் போட்டு விளையாடியிருக்கா. இன்னிக்கே இவளை வெளியே அனுப்பணும்."

ஆராய்ச்சி மாணவி ஆர்ஷா கொதித்தாள். "குடை எடுக்க வந்தேன் மேடம்! மழை கொட்டிச்சுல்லா! துணியைத் தொடவேயில்ல!"

"குடையாம்! கேட்டேளா?"

"கேட்டுட்டுதான் நிக்கேன். நீங்க மிண்டாம, வாயைப் பொத்திட்டு நில்லுங்க சாரே," என்றாள் லீலாபாய்.

"அஷ்டமி மத்தியானம் தகடு நல்லாத்தான் இருந்தது," என்றாள் திவ்யலட்சுமி. "அப்புறம் எங்களை வீட்டுக்கு அனுப்பினது இவர்தான். பூஜையைத் தானே பாத்துக்கறதாச் சொன்னார்."

"இந்த ஓட்டையை வேற லேசர் போடுமா?" என்று கேட்டாள் லீலாபாய்.

"இந்தக் கட்டடத்துல இது ஒண்ணுதான். சாவி போட்டாத்தான் ஓடும்."

"சாவி?"

"ஆணியில தொங்கறது. யாரும் எடுக்கலாம்," என்றார் சுந்தரராமன் வேகமாக.

லீலாபாய் சந்தனத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு சாவியை எடுத்து அதன் நடுவில் குத்தினாள்.

"சிவசிவா!"

ஓடு நொறுங்கியது. துளசி தரையில் விழுந்தது.

"சந்தனத்தை உடைக்காம சாவி நுழையாது சாரே. உடையாம இருந்துச்சு. அதுல உங்க பெருவிரல். அப்ப, பூஜைக்கு வச்சதுக்குப் பொறவு இந்த மெஷின் ஓடவேயில்ல. ஓட்டை அதுக்கு முந்தியே விழுந்தாச்சு. துணி மூடும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சுன்னு சொன்னது யாரு?"

சுந்தரராமன் குனிந்து துளசியைப் பொறுக்கினார். "பவரைக் கூட்டினா உருகத்தானே செய்யறது..." என்றார்.

"அதுக்கு என் தகடா?" திவ்யலட்சுமியின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "என் தகட்டைப் பொசுக்கிட்டு, இந்தப் பொண்ணு தலையில பழியைப் போட்டுட்டு, மேல சந்தனம் வேறயா?"

"செருப்பை மாட்டுங்க சாரே," என்றாள் லீலாபாய். "ஸ்டேஷன்ல கழட்ட வேண்டாம்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். சாவி லேசரிலேயே இருந்தது.

"அழாதே ஆர்ஷா, எனக்குக் கோபம் ஆறிடும்," என்றாள் திவ்யலட்சுமி. "புதுத் தகடு எடு. நாளை மறுநாளைக்குள்ள ஒரு குழியாவது போடணும். இன்னிக்கு விஜயதசமி."

சாவியைத் திருப்பினாள்.