பதினெட்டு மீட்டர் ஆழத்தில்

கள்ளக்குறிச்சியில் அருள்மொழி வைத்திருந்த தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்துக்கு மதிய வேளையில் இருசப்பன் வந்தான். நைனார்பாளையம் பக்கத்துக் கூலிக்காரன். கையில் ஒரு பாட்டில்.

"அதே கெணத்துத் தண்ணிதாங்க. இந்த வாட்டியாவது பாத்து சொல்லுங்க சார். குடிக்கத்தான் வூட்ல ஆளு இல்ல."

வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அருள்மொழிக்கு நினைவிருந்தது. போன வருடம் இதே கிணற்றுத் தண்ணீரை இருசப்பனின் மனைவி ராஜாம்பாள் கொண்டுவந்தாள். ஜவ்வரிசி ஆலைக் கழிவு அதில் கலந்திருந்தது. ஆலை முதலாளி கேட்டுக்கொண்டார் என்று, 'குடிக்க உகந்தது' என எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வாந்திபேதியில் போனார்கள். மூன்றாம் நாள் அவள் பதினெட்டு மீட்டர் ஆழமுள்ள அந்தக் கிணற்றிலேயே குதித்தாள்.

உதவியாளர் ஷாலினி சாப்பிடப் போயிருந்தாள். அருள்மொழி ஒரு சொட்டை ஹோலோகிராம் கருவியில் விட்டான். லேசர் ஒளி தண்ணீருக்குள் பாய்ந்தது. திரையில் வளையம் வளையமாகக் கோடுகள். ஒவ்வொரு துகளும் எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது என்று கணினி தானே தேடி, அங்கே படத்தைக் கூர்மையாக்கும். கண்ணாடிக்குள் தண்ணீரின் கனம் இரண்டே மில்லிமீட்டர்.

ஆழம்: 18 மீட்டர்.

கோளாறு என்று நினைத்து மறுபடி அழுத்தினான்.

11 மீட்டர். மங்கலாக ஏதோ அசைந்தது. பாசி வாடை அறையில் பரவியது.

4 மீட்டர். அது கூந்தல்.

அணைக்கும் பொத்தானை அழுத்தினான். கருவி நிற்கவில்லை.

பூஜ்யம். திறந்த இரண்டு கண்கள்.

பிறகு எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விழுந்தது.

கழித்தல் என்றால் கருவியின் கேமராவுக்கு இந்தப் பக்கம். அவன் உட்கார்ந்திருக்கும் பக்கம்.

பிடரியில் சில்லென்று ஈரம் சொட்டியது.

"நல்ல தண்ணின்னு எழுதினீங்களே சார்," காதோரம் ஒரு பெண்குரல். "குடிங்க."

ஷாலினி திரும்பி வந்தபோது அருள்மொழி நாற்காலியில் சாய்ந்திருந்தான். வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் மார்பில் வழிந்துகொண்டிருந்தது. தரை, மேசை, சட்டை முதுகு எல்லாம் காய்ந்துதான் இருந்தன.

"சார்... இன்னா ஆச்சு சார்?"

மூச்சில்லை. அலறியபடி கருவியின் ஒயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. கழித்தல் குறியோடு எண் ஏறிக்கொண்டிருந்தது, இப்போது கிலோமீட்டரில். மூன்று. ஒன்பது. பதினாறு.

இருபத்திரண்டில் நின்றது.

படம் மெல்லத் தெளிந்தது. ஜவ்வரிசி ஆலையின் இரும்புக் கேட். உள்பக்கத்திலிருந்து.