பின்வாசல் தரையின் அடிப்பக்கம்

கடப்பாரையால் நெம்பி இரண்டாவது சிமெண்ட் பாளத்தைப் புரட்டிப் போட்ட மேஸ்திரி, முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்க."

அவள் டீ டம்ளரோடு வந்தாள். இத்தனை வருடம் மண்ணோடு ஒட்டிக் கிடந்த அடிப்பக்கம் இப்போது வெயிலில் மல்லாந்து கிடந்தது. அதில் ஒரு கை. ஐந்து விரலும் விரித்து அழுத்திய அச்சு. உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது.

"தரை போட்டப்ப யாராவது விளையாட்டா வச்சிருப்பாங்க," என்றாள்.

"மேல வச்சிருந்தா சரிம்மா. இது மண்ணுப் பக்கம்."

அதன் பிறகு எந்தப் பாளத்தையும் அவர் புரட்டவில்லை. கிடந்த வாக்கிலேயே தூக்கி வண்டியில் ஏற்றினார். கீழே கை கொடுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலையை நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கணவர் போய்ப் பதினான்கு மாதம். போன மாதம் இந்தப் பின்வாசல் தரையின் வெடிப்பில் கால் தடுக்கி விழுந்தவள், தூக்கிவிட ஆளில்லாமல் அரை மணி நேரம் எறும்புகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதைக் கேட்ட மகள்தான் பழைய சிமெண்டைப் பெயர்த்துப் பேவர் கல் பதித்தே ஆகவேண்டும் என்று போனில் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று நாளாக வீட்டில் ஓர் ஆள் நடமாட்டம் இருந்தது. இருமல் கேட்டது. அவள் ஒரு நாளைக்கு ஐந்து முறை டீ போட்டாள். பாவம், மறுக்கத் தெரியாத மனிதர்.

மூன்றாம் நாள் மதியம் கடைசிக் கல்லும் உட்கார்ந்தது.

"மேல சிமெண்ட் பூச வேண்டாமா?"

"பேவருக்கு வேண்டாம்மா. இடுக்குல மணல் மட்டும்தான். ஏதாச்சும் ஒரு கல்லு அமுங்கினா, அதை மட்டும் தூக்கி எடுத்துக்கலாம்." சொன்ன பிறகு அவருக்கே ஏதோ போல ஆகிவிட்டது. "மிச்ச மணல நீங்களே பெருக்கி விட்டுருங்க. நான் நாளைக்கு வரல."

அவர் போன பின் வீடு பழையபடி கனத்தது. வானம் மூடிக்கொண்டு, மழை வருமா வராதா என்று தெரியாத ஒரு சாயங்காலம். புதுக்கல்லின் சுண்ணாம்பு வாடையும் ஈரமணல் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, அவள் துடைப்பத்தால் மணலை இடுக்குகளில் தள்ளித் தள்ளிப் பெருக்க, மணல் சரசரவென்று சின்னச் சத்தத்தோடு இறங்கிக்கொண்டே இருந்தது. நிரம்பியது. திரும்பிப் பார்த்தால் இடுக்கு காலி. மறுபடி தள்ளினாள். பாதி மூட்டை போயிற்று. இரண்டு விரல் ஆழ இடுக்கில் இவ்வளவு மணல் எங்கே போகிறது?

இடுப்பு வலிக்கக் கல்மேல் உட்கார்ந்தாள்.

டொக்.

அடியிலிருந்து. கல் படிகிறது என்று நினைத்தாள். துடைப்பக் கட்டையால் இரண்டு முறை தட்டினாள். இரண்டு முறை திரும்பி வந்தது.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பதினான்கு மாதமாக அந்த வீட்டில் அவள் எழுப்பிய எந்தச் சத்தத்துக்கும் பதில் வந்ததில்லை. மூன்று முறை தட்டினாள். மூன்று வந்தது. இன்னும் நெருக்கமாக. அவள் உதட்டில் சிரிப்புக்கூட வந்தது.

"யாரு?" என்றாள், பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்பதுபோல.

சத்தம் நின்றது. பிறகு, அவள் உட்கார்ந்திருந்த கல், அவளோடு சேர்த்து, ஒரு நூல் அளவு மேலே எழும்பியது.

ஓடினாள். அடி எடுத்து வைத்த இடத்திலெல்லாம் பாதத்துக்கு நேர் கீழே டொக். டொக். டொக். சமையலறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுச் சாய்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது. நல்லவேளை.

டொக்.

வலது பாதத்துக்கு அடியில். வீட்டுத் தரைக்கு அடியில்.

காலை மாற்றி வைத்தாள். அது இடது பாதத்துக்கு வந்தது. போன் கூடத்து மேசையில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டாள்.

நிசப்தம்.

பிறகு தேட ஆரம்பித்தது. சமையலறையில் ஒரு தட்டல். கூடத்தில் ஒன்று. குளியலறை வாசலில் ஒன்று. ஒரே நேரத்தில்.

தட்டுவது ஒன்று இல்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தங்கள் நடைவழியாக வந்தன. அறைக்குள் வந்தன. கட்டிலைச் சுற்றி நின்றன. தட்டல் ஓய்ந்தது.

கதவோரத்து டைல்ஸ் ஒன்றின் விளிம்பு மெல்ல எழும்பியது. சாய்ந்து, அப்படியே நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. சுவர்முதல் சுவர்வரை எல்லாமே ஒரு பக்கம் எழும்பி, கட்டிலைப் பார்த்த பக்கம் இருட்டாகத் திறந்து நின்றன.