கடைசி ஆள் சொல்ல வேண்டிய சொல்

"வண்டி!" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்ததும், முன்னால் போய்க்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை இடது ஓரமாக ஒதுக்கினாள். பின்னால் வந்த அம்மாவும் ஒதுங்கினாள். பழக்கம் அப்படி. ஒதுங்கி நாலைந்து மிதி மிதித்த பிறகுதான், இது வண்டியே வராத ரோடு என்பது அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து பத்து வரை ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்காவின் ரோட்டில் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. பதினோரு கிலோமீட்டர். இரண்டு முனையிலும் இரும்புக் குழாயைக் குறுக்கே இறக்கிப் பூட்டிவிடுவார்கள். இடது பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்குக் கீழே பாறையும் ஆறும். வலது பக்கம் மேடும் காடும். ராத்திரி பெய்த மழையால் இன்று ஈ காக்கை இல்லை. "நீங்க ரெண்டு பேருதாம்மா" என்று சொல்லித்தான் காவலாளி இவர்களை உள்ளே விட்டு மறுபடியும் பூட்டினார்.

கைப்பிடியில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். நனைந்த ரோடு. உதிர்ந்த இலைகள். வேறு ஒன்றும் இல்லை.

"குட்டி, இப்ப நீயா கத்தினே?"

"நானா? முன்னாடி போறவ எதுக்கும்மா வண்டின்னு சொல்லப்போறேன்? அது உன் வேலை."

அதுவும் சரிதான். குட்டியின் அப்பா வகுத்த சட்டம் அது. முன்னால் போகிற ஆள் குழி என்றும் கல் என்றும் சொல்ல வேண்டும். கடைசியில் வருகிற ஆள் வண்டி என்று சொல்ல வேண்டும். சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, தலை திரும்பினால் கைப்பிடியும் திரும்பும். சொல்லை நம்பி ஒதுங்க வேண்டும். "கேள்வி கேக்கறதெல்லாம் வீட்டுல வெச்சுக்குங்க" என்பார்.

"அப்ப யாரு சொன்னது?" என்றாள் மகள்.

"ஏதாவது பறவையா இருக்கும்."

"வண்டின்னு கூவுற பறவையா? டிராபிக் போலீஸ் வளர்த்ததா இருக்கும்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் குட்டிதான். அப்பா போன பிறகு எட்டு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள். சைக்கிள் என்ற பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொண்டவள். வண்டியே வராத ரோடு ஒன்று இருக்கிறது என்று கெஞ்சிக் கூத்தாடி இங்கே கூட்டி வந்த பிறகுதான் இந்தச் சிரிப்பு திரும்பி வந்தது. இதற்காக அம்மா எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் மிதிப்பாள்.

மரங்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. மழைத்தண்ணீர் இலையிலிருந்து இலைக்குச் சொட்டி, கடைசியில் ரோட்டில் விழும் சத்தமும், அடியில் எங்கேயோ ஆறு பாறையில் மோதிப் புரளும் சத்தமும், இரண்டு சங்கிலிகளின் மெல்லிய கரகரப்பும் சேர்ந்து ஒரே இரைச்சலாகக் காதில் நிறைந்திருக்க, மக்கிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை மெல்ல மூக்கில் ஏறியது. டீசல்.

"வண்ண்டி!"

இந்த முறை பக்கத்தில். மகள் ஒதுங்கினாள். அம்மா ஒதுங்கவில்லை. அந்த ண்ணை அப்படி இழுத்துச் சொல்கிற மனிதர் ஒருவர்தான் உண்டு. அவரை எரித்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

அவரோடு கடைசியாகப் போட்ட சண்டை எதற்கு என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கும். அடுப்பை அணைக்காமல் வந்தது யார் என்பதற்கு. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கப்பாகிட்ட கேளு" என்று குட்டிதான் தூது. நாலாவது நாள் குட்டிக்குக் காய்ச்சல். வழக்கத்தைக் கைவிட மனமில்லாமல் இருவர் மட்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் சைக்கிளை எடுத்தார்கள். அவள் கடைசி ஆள். கண்ணாடியில் வெள்ளை வேன் ஒன்று கோட்டைத் தாண்டி ஓரத்துக்கு வருவது தெரிந்தது. சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர்தானே முதலில் பேச வேண்டும், நான் ஏன் பேச வேண்டும் என்று ஒரு மூச்சு நேரம் அதை அடக்கி வைத்தாள்.

ஒரு மூச்சுதான். வேன் அவளை உரசாமல் அவரை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. முப்பது அடி தள்ளி விழுந்தார். சைக்கிள் பெடலில் மாட்டிய ஷூ மாட்டியபடியே இருந்தது. அதற்குள் பாதமும் இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம், ஒரு நொடி பிசகாமல் சொல்பவள். அன்றைக்கு ஒரு சொல்லைச் சொல்லவில்லை. எல்லோரிடமும், குட்டியிடமும், கத்தினேன், காற்றில் அவருக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"அம்மா!" என்று மகள் அலறினாள்.

வளைவில் மான் ஒன்று கிடந்தது. நடு உடம்பு ரோட்டோடு ரோடாகத் தட்டையாகி இருந்தது. முன் பாதி மட்டும் இன்னும் எழுந்து நிற்கப் பார்த்தது. முன்னங்கால்கள் தாரைச் சுரண்டின. குடல் இரண்டு கோடுகளாக இழுபட்டுப் போயிருந்தது, டயர் அகலத்துக்கு, ரோட்டின் வளைவோடு வளைந்து. அதிலிருந்து ஆவி பறந்தது. மான் வாயைத் திறந்தது. ரத்தம் குமிழியிட்டது. கால்கள் நின்றன.

"வண்டி வராதுன்னு சொன்னியே." என்றாள் மகள்.

"பூங்கா வேலைக்கு ஏதாவது வந்திருக்கும். வா, நிக்காத. அந்தப் பக்க கேட்டுக்குப் போயிடலாம்."

செல்போனில் சிக்னல் இல்லை. முன்னால் நாலு கிலோமீட்டர், பின்னால் ஏழு. மிதித்தார்கள்.

"குட்டி, ஒதுங்கு! வண்டி!"

குரல் அம்மாவுடையது. அச்சு அசல் அவளுடையது. அவள் வாயைத் திறக்கவே இல்லை.

மகள் சட்டென்று இடதுபக்கம் போனாள். அங்கே சுவர் இல்லை. மழையில் சரிந்து போயிருந்தது. முன்சக்கரம் வெளியில் தொங்கியது. அம்மா தன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து மகளின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ரோட்டில் மல்லாந்து விழுந்தார்கள். முழங்கை தோல் உரிந்து எரிந்தது. பெயர்ந்த கற்கள் பாறையில் முட்டி முட்டி இறங்கின. வெகு நேரம் இறங்கின.

"நீதானேம்மா சொன்னே! ஒதுங்குன்னு நீதானே சொன்னே!"

"நான் சொல்லலடி. சத்தியமா நான் சொல்லல." மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லாக் கேளு. இனிமே யாரு வண்டின்னு சொன்னாலும் ஒதுங்காத. என் குரல்ல கேட்டாலும் ஒதுங்காத. நடு ரோட்டுல போ. என்ன ஆனாலும் நடு ரோடுதான். புரியுதா?"

மகள் அவளையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அம்மா... அன்னிக்கு அப்பாகிட்ட நீ நிஜமாவே சொன்னியா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ரோட்டில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்கூட, இந்தப் பிள்ளை தன்னை வெறுத்துவிடுமோ என்ற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"சொன்னேன்டா. தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கேக்கல."

மகள் தலையாட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். நடு ரோட்டில், வெள்ளைக் கோட்டின் மேல், நேராக.

மூன்று கிலோமீட்டர் என்று கல் சொன்னது. பிறகு இரண்டு. "வண்டி" என்றது காடு, அப்பா குரலில். மகள் அசையவில்லை. "வண்டி" என்றது, அம்மா குரலில். அசையவில்லை. "போம்மா, போம்மா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்மா பின்னால் மிதித்தாள். ஒன்று என்றது கல். நேர் ரோடு. தொலைவில் இரும்புக் குழாய் தெரிந்தது. பூட்டியபடி.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

வெள்ளை வேன்.

சத்தமே இல்லை. வேனின் முன் கண்ணாடி ஒரு தலை அளவுக்கு நொறுங்கியிருந்தது. பம்பரில் மான் தோல். ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. கைப்பிடிக் கண்ணாடி முழுக்க வேன்.

இந்த முறை அடக்கவில்லை. ஒரு நொடிகூட.

"வண்டி! குட்டி, வண்டி! ஒதுங்குடி!"

மகள் நடு ரோட்டில் போனாள்.

"நான்தான்டி! அம்மாடி! நிஜமாவே வருதுடி!"

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிக் கட்டை விரலைக் காட்டினாள். ஏமாற மாட்டேன் என்று.

வேனின் காற்று அம்மாவை உரசிக்கொண்டு போனது. அவளைத் தொடவில்லை.

பிறகு சத்தம். இரும்பு மடங்கும் சத்தம், அதற்குள் எலும்பு. அவளுக்கு எலும்பின் சத்தம் தெரியும். உடம்பு மேலே போனது, வேனின் கூரையில் விழுந்தது, மறுபடி மேலே போனது, ரோட்டில் விழுந்து உருண்டது. பின்சக்கரம் தனியாக ஓடி இரும்புக் குழாயில் மோதிச் சாய்ந்தது. குழாய் பூட்டியபடியே இருந்தது. வேன் இல்லை.

அவள் சைக்கிளை விட்டு விழுந்து, தவழ்ந்து போனாள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே இருந்ததும். ஒரு கால் முட்டிக்கு மேலே திரும்பி வானத்தைப் பார்த்துக் கிடந்தது. மார்பின் மேல் கை வைத்தாள். விலா எலும்புகள் ஈர மணல் மாதிரி உள்ளே போயின.

"மூச்சை இழு" என்றாள். "இழுடி. குட்டி, மூச்சை இழு. இழு."

மார்பு எழவில்லை.

"இழுடி."

அப்போது பின்னால் இரண்டு சங்கிலிகளின் கரகரப்பு கேட்டது. அவசரமில்லாத மிதி. அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்பது சட்டம். சற்றுத் தள்ளி விழுந்து கிடந்த தன் சைக்கிளின் சின்னக் கண்ணாடி உடையாமல் இருந்தது. அதில் பார்த்தாள்.

இரண்டு பேர் ஓரமாக, வரிசையாக வந்தார்கள். முன்னால் ஒரு பெண் பிள்ளை. பிளந்த ஹெல்மெட், ஒரு காலால் மட்டும் மிதித்தாள். பின்னால் கடைசி ஆளாக அவர். இடது பாதம் இல்லை. வாயைத் திறந்து, ண்ணை இழுத்து, அந்தச் சொல்லைச் சொன்னார்.

இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் இன்னொரு சைக்கிள் போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.