கோடைப் பெட்டிக்கு முப்பது புத்தகங்கள்

ஷஃபீனா கையில் புத்தகம் இல்லாமல் நடந்து எட்டாம் வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் கோடை விடுமுறைப் பெட்டிக்கு முப்பது புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நூலக ஆசிரியர் தியாகராசன் அவளிடம் கொடுத்தார்.

"பெட்டி உங்க வீட்டுலயே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தானே? எல்லாரும் வந்து எடுத்துட்டுப் போவாங்க. ஆனா ஒண்ணும்மா. போன வருஷப் பெட்டி போன மாதிரியே திரும்பி வந்துச்சு. இந்தத் தடவையும் அப்படி வந்தா, அடுத்த வருஷம் பெட்டியே கிடையாது."

"வராது சார்!" என்றாள் ஷஃபீனா.

ஒரே மணி நேரத்தில் முப்பதையும் எடுத்து அடுக்கிவிட்டாள். பட்டியலில் தலைமையாசிரியரின் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

அந்த அடுக்கை முதலில் பார்த்தவள் தாமரைச்செல்வி. கருக்களாச்சேரி என்ற மீனவக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். வகுப்பில் ஷஃபீனாவுக்குப் பக்கத்து இடம்.

"என்னடி, எல்லாம் செங்கல் மாதிரி இருக்கு?"

"எல்லாமே அருமையான புத்தகம்டி. நான் படிச்சிட்டேன்."

"அப்ப நீயே வச்சிக்க."

"ஏன், நீ எடுக்க மாட்டியா?"

தாமரைச்செல்வி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு வேகமா படிக்க வராதுடி. ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள மேல என்ன படிச்சேன்னே மறந்துடுது."

"அவ்வளவுதானே? இரு!" ஷஃபீனா ஓடிப்போய் மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பெரிய எழுத்து. அட்டையில் குடை பிடித்த முயல்.

தாமரைச்செல்வியின் முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் பதிமூணு வயசு ஆவுது. முயலா?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

ஷஃபீனா முயலையும் செங்கல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்பவர்கள் யார் யார் என்று எண்ணினாள். பதின்மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று பெட்டியில் ஒரு புத்தகம்கூட இல்லை.

நேரே ஆசிரியரிடம் போனாள். "சார், பட்டியலை மாத்தணும்."

"கையெழுத்தெல்லாம் வாங்கியாச்சும்மா. நல்ல புத்தகமாத்தானே எடுத்திருக்கே?"

"நல்ல புத்தகம்தான் சார். ஆனா பாதிப் பேரு தொட மாட்டாங்க. அப்புறம் பெட்டி மூடினபடியே திரும்பி வரும்."

"அவங்களுக்கு நீதிக்கதை இருக்கே, சின்னப்பிள்ளைங்க அலமாரியில?"

"அவங்க சின்னப்பிள்ளைங்க இல்ல சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

மூன்று நாள். கதை வளர்ந்த பிள்ளைகளுக்குரியதாக இருக்க வேண்டும், புத்தகம் மெல்லியதாக இருக்க வேண்டும். ஷஃபீனா ஒவ்வோர் அலமாரியாகக் கிளறினாள். மேல்தட்டுக்கு முக்காலி போட்டு ஏறினாள். தூசியில் பதினொரு முறை தும்மினாள். நாற்பது புத்தகம் தேறியது. பிறகு தாமரைச்செல்வியைத் தேடிப் போனாள்.

"முயலுக்கு மன்னிச்சுக்கடி. எனக்கு ஒரு உதவி வேணும். எனக்கு எல்லாப் புத்தகமும் பிடிச்சுத் தொலைக்குது. எதைக் கழிக்கிறதுன்னே தெரியல. நீ முதல் பக்கம் மட்டும் படி. அடுத்த பக்கம் திருப்பணும்போல இருந்தா இங்க வை, இல்லன்னா அங்க வை."

"மெதுவாத்தான் படிப்பேன்."

"படி. நான் எங்கயும் போகல."

தாமரைச்செல்வி விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தாள். முதல் புத்தகத்தை மூடினாள். "இதுல ஒரு பக்கம் முழுக்க சூரியன் உதிக்குது. இன்னும் விடிஞ்சே முடியல." கழித்தாயிற்று.

அடுத்தது. "இந்தப் பையன் ரொம்ப நல்லவனா இருக்கான். எனக்கு இப்பவே போரடிக்குது." அதுவும் கழிந்தது.

நான்காவது, ஷஃபீனாவுக்கு உயிரான புத்தகம். தாமரைச்செல்வி அதையும் தள்ளி வைத்தாள். பத்தாம் பக்கத்தில் பிரமாதமாக இருக்கும் என்று சொல்ல ஷஃபீனாவுக்கு நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து வந்தது, புயலில் மாட்டிக்கொண்ட ஒரு படகின் கதை. தாமரைச்செல்வி ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொன்று திருப்பினாள். மணி அடித்தது.

"அடிச்சாச்சு, வாடி."

"சும்மா இரு. இவங்க நங்கூரத்தைத் தப்பாப் போடுறாங்க. படகு கவிழப் போவுது!"

"கவிழுமா?"

"எங்கப்பாவா இருந்தா இப்படிப் போடவே மாட்டாரு. எழுதினவங்க கடலையே பார்த்ததில்ல போல." திட்டிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அறிவியல் வகுப்பில் அந்தப் புத்தகம் அவள் மடியிலேயே இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி என்று இடைவேளை ஒன்றைக்கூட இருவரும் விடவில்லை. முடிவில் ஷஃபீனாவின் செங்கல்களில் பன்னிரண்டு தங்கின. பதினெட்டு புதிதாகச் சேர்ந்தன.

தியாகராசன் பட்டியலைப் படித்தார். "உனக்குப் பிடிச்சதெல்லாம் பாதிக்கு மேல போயிடுச்சேம்மா?"

"நான்தான் அதையெல்லாம் படிச்சிட்டேனே சார்."

அவர் பெருமூச்சு விட்டார். பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடியும் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்.

விடுமுறை தொடங்கியது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கருக்களாச்சேரிப் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. முதல் வாரமே தாமரைச்செல்வி தன் தெருத் தோழிகள் மூவரோடு பஸ் ஏறி வந்தாள். "எங்கப்பாவும் அந்தப் புயல் கதையைப் படிச்சிட்டாருடி. நங்கூரத்துக்கு அவரும் திட்டினாரு. அடுத்தது குடு!" மறுநாள் நெரவியிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். பிறகு யார் யாரோ வந்துகொண்டே இருந்தார்கள். ஷஃபீனாவின் உம்மா கதவைத் திறந்து வைத்தபடியே சமைக்கப் பழகிக்கொண்டார்.

மே மாதத்தின் இரண்டாவது வாரம். மதியச் சாப்பாடு முடிந்ததும், படிக்க எதையாவது எடுக்கலாம் என்று ஷஃபீனா பெட்டியைத் திறந்தாள். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதையே உருவி எடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து, மேல் மூலையிலிருந்து விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தாள்.