ஒரே அலைவரிசையில் இரண்டு வாய்

நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த குதிரைக்குட்டியைக் காணவில்லை.

குட்டி வந்து முட்டிக் குடித்தால்தான் தாய்க்குதிரைக்குப் பால் சுரக்கும், வீட்டுக்கும் கறக்க முடியும். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் குட்டி ஜிபாருடையது. அது பிறந்த அன்றே, “இது உனக்கு” என்று அப்பா கொடுத்துவிட்டார்.

ஜிபார் வாக்கி டாக்கியோடு மேய்ச்சல் மேட்டில் நின்றாள். எதிர்மேட்டில் சித்தப்பா மகன் தாலாய். கீழே, ஆற்றங்கரையில் குதிரைமேல் அப்பா. ஆளுக்கொரு வாக்கி டாக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை.

“அப்பா! குட்டி தெரியுது! பாறைக்கு இந்தப் பக்கம் நிக்குது!”

“கர்ர்ர்... என்னம்மா? ஒரே இரைச்சலா இருக்கு.”

“பாறைக்கு இந்தப் பக்கம்பா!”

“எந்தப் பக்கம்? ஐயோ, காதே கிழியுது!”

வீட்டைவிடப் பெரிய பாறை அது. அதற்கு அந்தப் பக்கம் இருந்ததால் அப்பா அவள் கண்ணில் படவே இல்லை. குட்டியோ தண்ணீரில் காலை வைத்தது. பனி உருகி ஓடும் ஆறு, பெரிய குதிரையையே இழுத்துக்கொண்டு போய்விடும். இந்த நேரம் பார்த்தா வாக்கி டாக்கிக்குப் பேய் பிடிக்கவேண்டும்?

ஒன்றும் புரியாமல், பேச அழுத்தியிருந்த பொத்தானை விட்டாள். உடனே தாலாயின் குரல் கேட்டது.

“...அங்க போகாதீங்க பெரியப்பா, சேறு! சேறு!”

அடப்பாவி! அவள் பேசும்போதெல்லாம் இவனும் பேசியிருக்கிறான்! அதுதான் அப்பாவுக்கு ஒரே இரைச்சல்!

“தாலாய், கொஞ்சம் வாயை மூடு! நான் பேசணும்!”

“நீ மூடு! பெரியப்பா உனக்குத் தெரியுறாரா?”

“இல்ல. உனக்குக் குட்டி தெரியுதா?”

“...இல்ல.”

ஜிபாருக்கு அழுகையாக வந்தது. தன் குட்டிக்குத் தானே வழி சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் அப்பா எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் என்னத்தைச் சொல்வது?

“சரி, நான் பேசல. குட்டி போற பக்கம் என் தலைத்துண்டை வீசுறேன். அதைப் பார்த்து நீ மட்டும் அப்பாகிட்டச் சொல்லு.”

“நீயா? பேசாம இருப்பியா?”

“இருக்கேன் பாருடா!”

சிவப்புத் துண்டை அவிழ்த்தாள். குட்டி ஆற்றின் மேல்பக்கம் நகர்ந்தது. துண்டும் அந்தப் பக்கம் பறந்தது.

“பெரியப்பா, சேத்தை விட்டு வெளிய வாங்க. பாறையைச் சுத்தி மேல்பக்கம் போங்க!”

குட்டி திரும்பியது. முட்டிவரை தண்ணீர். ஜிபார் துண்டைக் கீழ்ப்பக்கம் வீசு வீசென்று வீசினாள். பொத்தானை அழுத்தக் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இல்ல இல்ல, கீழ்ப்பக்கம்! சீக்கிரம்!”

பாறையின் பின்னாலிருந்து அப்பா பாய்ந்து வந்தார். கயிற்றுச் சுருக்கு சரியாகக் குட்டியின் கழுத்தில் விழுந்தது.

சாயங்காலம் கூடாரத்தில் தாலாய்க்குத்தான் ஏகப்பட்ட பாராட்டு. ஜிபார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா அவன் முதுகில் தட்டினார். “சபாஷ்டா! நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டப்ப நான் சேத்துல குதிரையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் காதுல விழல. பாறைக்குப் பின்னால நின்ன குட்டியை எப்படிடா பார்த்தே?”

தாலாய் வாய் நிறைய ரொட்டியோடு விழித்தான்.

“குட்டியை நான் எங்க பார்த்தேன் பெரியப்பா? நான் ஜிபாரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்!”

எப்போதும் விருந்தாளிக்கே கொடுக்கும் முதல் கிண்ணம் குதிரைப்பாலை அப்பா ஜிபாரிடம் நீட்டினார்.