எழாத பள்ளம்

பதினோராம் நாள் சிகிச்சை முடிந்து அவள் எழுந்தபோது நாற்காலியின் மெத்தை எழவில்லை.

முதுகு சாய்ந்திருந்த பள்ளமும் தொடைகள் அழுந்தியிருந்த இரண்டு நீள்குழிகளும், இன்னும் யாரோ அமர்ந்திருப்பதுபோல் அப்படியே கிடந்தன. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே திரும்பிப் பார்த்தபோதும் கிடந்தன. மெத்தை பழசு, பஞ்சு செத்துப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குமேல் நினைக்கத் தெம்பில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சல் ஒன்பதே நாளில் போயிற்று. அது விட்டுச்சென்ற களைப்பு போகவில்லை. அவள் புவியியல் ஆசிரியை. புத்தகத்தைப் பாராமல் ஒரு கண்டத்தையே கரும்பலகையில் வரைந்துகாட்டிய கை, இப்போது தலைவாரத் தூக்கினால் தோள்வரை எரிந்தது. குளித்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் கட்டிலே கதி. விடுப்பு முடியும் திங்கட்கிழமையன்று பள்ளியில் போய் நிற்காவிட்டால், அவள் இடத்தில் வேறொருவரை அமர்த்திவிடுவார்கள். ஆகவேதான் இந்த மருத்துவமனையின் மாடியறை. கத்தியில்லை, ஊசியில்லை, உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுவில்லைகளை நெற்றியில் வைத்துப் பட்டையால் கட்டி, இருபது நிமிடம் மெல்லிய மின்னோட்டம் செலுத்துவார்கள். வாரத்துக்கு ஐந்தாக இருபது அமர்வுகள். கடைசி அமர்வு, அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

"களைப்பு பத்துக்கு எத்தனை மேடம்?" கருவியை இயக்கும் பெண் நாள்தோறும் கேட்பாள். முதல் நாள் ஒன்பது. பதினோராம் நாள் ஆறு.

கணவர் வெளியே பெஞ்சில் காத்திருப்பார். மின்பணியாளர்.

"ஊருக்கெல்லாம் கரண்டு இழுத்துக் குடுக்கிறவன் நான். பொண்டாட்டிக்கு மட்டும் வெளியில ஏத்த வேண்டியிருக்கு" என்றார் அன்று.

"ஷாக் அடிக்காம குடுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"ஆகா! டீச்சரம்மாவுக்கு வாய் திரும்பிடுச்சு. பாதி குணம்."

அந்த இருபது நிமிடங்களை அவள் கடிகாரத்தால் அளப்பதில்லை. இளமையில் மனப்பாடம் செய்த பதிகமொன்றை உதடசையாமல் நிதானமாக ஓதுவாள். பதினொன்றாம் பாட்டு முடியவும் கருவி ஒலிக்கவும் சரியாக இருக்கும். நெற்றியில் எறும்பு ஊர்வதுபோன்ற குறுகுறுப்பு, காதுமடல் வழியே வழியும் உப்புநீர், சன்னலுக்கு வெளியே பிற்பகல் வெயிலில் உறுமிக்கொண்டிருக்கும் குளிரூட்டியின் பெட்டி, இவற்றுக்கு நடுவே பதினான்காம் நாள், ஐந்தாம் பாட்டின் பாதியில், அவளுக்குக் கீழேயிருந்து ஒரு மூச்சு கேட்டது. நெஞ்சுக்கூட்டைத் தூக்கவே சலித்துக்கொள்ளும் மூச்சு. அதை அவள் அறிவாள். எட்டு மாதம் அவள் விட்ட மூச்சு.

பதினாறாம் நாள் அது பதிகம் ஓதியது. அவளுக்கு ஒரு சொல் பின்னால்.

"காதுல ஏதாவது கேக்குதா மேடம்? கண்ணுல ஏதாச்சும் தெரியுதா? இருந்தா சொல்லிடுங்க. நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டணும்."

நிறுத்திவிட்டால் திங்கட்கிழமை இல்லை.

"ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு மூணுன்னு போட்டுக்கோ."

பொய்யில்லை. உடல் தேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழுவது, ஆறாத புண்ணிலிருந்து கட்டுத்துணியைப் பிரிப்பது போலாயிற்று. படிகளில் உடல் முன்னே துள்ளி இறங்க, ஓடும் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு இழுபடும் தாய்போல் அவள் பின்னால் போனாள். வீட்டில் கணவர் வேடிக்கை சொன்னார், வாய் சிரித்தது. அவர் சொன்னது அவளுக்கு அதன்பிறகுதான் கேட்டது. இன்னும் ஒரு நாள்தான், இறைவனே, ஒரே ஒரு நாள் என்று வியாழன் இரவு படுக்கையில் வேண்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. மணி மூன்று. சன்னல் கொள்ளாத வெளிச்சம்.

பஞ்சுவில்லை குளிர்ந்தது. எறும்பு ஊர்ந்தது. முதல் பாட்டைத் தொடங்கினாள். இன்று பின்னால் வருபவள் அவளாயிருந்தாள். ஒரு சொல் பின்னால். பிறகு ஒரு வரி பின்னால். எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். நாவு ஈயமாய்க் கனத்தது. முன்னே ஓதிய குரல் தெளிவாக, இளமையாக, ஒவ்வொரு பாட்டாய்க் கடந்து போயிற்று. அவள் ஏழாம் பாட்டில் இருந்தாள்.

கருவி ஒலித்தது.

பட்டை கழன்றது. மடியிலிருந்து பாரம் ஒன்று எழுந்தது.

முதுகு தெரிந்தது. அவளுடைய பின்னல். அவளுடைய கைப்பை.

"களைப்பு பத்துக்கு எத்தனை மேடம்?"

"ஒண்ணுகூட இல்லம்மா. சுத்தமாப் போயிடுச்சு."

அவளுடைய குரல்.

கதவு திறந்தது. பெஞ்சிலிருந்து கணவர் எழுந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "என்ன டீச்சரம்மா, ஓட்டப்பந்தயத்துக்கே பேர் குடுத்திடலாம் போலிருக்கே!"

"இப்பவே வெச்சுக்கலாம். கீழ யாரு முதல்லன்னு பாப்போமா?"

ஏங்க என்று கூப்பிட்டாள். கூப்பிட நினைத்தாள். நினைப்பதற்கே மூச்சு வாங்கிற்று. படிகளில் இரண்டு சோடிக் கால்கள் சிரிப்போடு தடதடத்து இறங்கி, தேய்ந்து, தெருவோசையில் கலந்தன.

விரலை அசை. ஒரு விரலை. முடியவில்லை.

அந்தப் பெண் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மருந்துநீரைத் துணியில் பீய்ச்சினாள். கைப்பிடிகளைத் துடைத்தாள். மெத்தையைத் துடைத்தாள். பிறகு தலை சாயும் இடத்துக்கு வந்தாள். நெடியடிக்கும் ஈரத்துணி நெருங்கியது. இமைகளை மூடவும் தெம்பில்லை. திறந்தே கிடந்த இரண்டு கண்களின்மீதும் அந்தத் துணி இடமிருந்து வலமாக, நிதானமாக அழுத்தித் துடைத்துப் போயிற்று. ஒரு கறை இன்னும் தெரிந்ததோ என்னவோ, திரும்பி வந்தது.