நிமிடத்துக்குப் பதினாறு

டியூட்டியில் இருந்த தோழி வந்தாள், டிரிப்ஸைப் பார்த்தாள், மானிட்டர் திரையைப் பார்த்தாள், போய்விட்டாள். நெஞ்சில் கை வைக்கவில்லை.

சின்ன விஷயம்தான். ஆனால் இதே வார்டில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக நின்றுவிட்டு இன்று நோயாளியாகக் கிடப்பவளுக்கு அது முள்ளாகத் தைத்தது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, தொண்டைக் குழாயை எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு நிலைக்கிறதா என்று கால் மணிக்கு ஒரு தரம் நெஞ்சில் கை வைத்து, முழு நிமிடம் மூச்சை எண்ணி, அட்டையில் எழுத வேண்டும். திரையை மட்டும் நம்பக் கூடாது. முகமூடியில் ஆக்ஸிஜன் பாய்கிறவரை, மூச்சு குறைந்தாலும் அது ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றெட்டு என்றே நெடுநேரம் காட்டிக்கொண்டிருக்கும்.

"உன் நெஞ்சுல வச்ச கைய எடுக்கவே மாட்டேன், போதுமா?" என்று நேற்று தோழி சொல்லியிருந்தாள். கூடப் பிறந்தவள் சொன்னதுபோல இவள் நம்பினாள்.

ஜன்னலில் மதிய வெயில், தரை துடைத்த மருந்தின் நெடி, அடுத்த படுக்கையின் வென்டிலேட்டர் பொறுமையாக ஊதி இறக்கும் சத்தம், எங்கோ டம்ளரில் கரண்டி கலக்கும் ஓசை, எல்லாம் வலி மருந்தின் மயக்கத்தில் விலகிக்கொண்டே போக, அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் மூச்சைத் தானே எண்ணினாள். ஒன்பது. பன்னிரண்டுக்குக் கீழே போகக் கூடாது.

மறுபடி எண்ணினாள். ஏழு.

கூப்பிட நாக்கு புரளவில்லை. விரலும் அசையவில்லை.

பக்கத்து மேஜையில் அட்டை சாய்ந்திருந்தது. மணி இரண்டே கால். அட்டையில் ஆறு மணி வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பதினாறு. பதினாறு. பதினாறு.

அடிப்பாவி, எனக்குமா?

கூட்டம் நெரிந்த நாட்களில் இருவரும் சேர்ந்தே இப்படி எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு.

ஐந்து.

கண்ணாடிக் கதவருகே அவள் கணவன் வந்து நின்றான். "எப்படி இருக்கா?"

"நல்லா மூச்சு விடறா அண்ணா. பதினாறு," என்றாள் தோழி.

"கண்ணு பாதி தெறந்திருக்கே?"

"மயக்கத்துல அப்படித்தான் இருக்கும். நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க."

அவன் சிரித்தான். கையசைத்தான். போனான்.

மூன்று.

தோழி குளிருமே என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்து, சுருக்கம் நீவிவிட்டாள். அந்தக் கை நெஞ்சின் மேல் பட்டது. நிற்கவில்லை.

கடிகாரத்தின் நொடி முள் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது.

போர்வை அசையவில்லை. திரையில் தொண்ணூற்றெட்டு.